வாய் பார்த்துக் கேட்டவள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை என் மாமியாரும் சொல்லியிருக்கிறார், ஆபீஸ் மேனேஜரும் சொல்லியிருக்கிறார். அவர்கள் இருவரும் ஒத்துப்போகிற விஷயம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். சங்கரன்கோவிலில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆட்களிடம் பேசிப் பேசியே சம்பளம் வாங்குகிறேன். அதைப் பார்த்துத்தான் எங்கள் ஊரில் சில ஆசிரியர்களும் பேங்க் ஊழியர்களும் சேர்ந்து நடத்துகிற ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு என்னையும் கூப்பிட்டார்கள். வீட்டில் முதல் முதலாகக் காலேஜ் வாசலை மிதித்த பிள்ளைகள், கடைசி வருடம் படிப்பவர்கள். ஆளுக்கொரு பிள்ளையைப் பொறுப்பெடுத்து, வேலைக்குப் போகிற வரைக்கும் கூட நிற்க வேண்டும். எங்களுக்கு 'மென்ட்டார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கேட்டால் ஏதோ இருமல் மருந்து மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தேன்.

எனக்குக் கொடுத்தது பி.காம். கடைசி வருடம் படிக்கிற ஒரு பெண்ணை. வீட்டில் விசைத்தறி. அப்பா இல்லை, அம்மாவும் அவளும்தான். காலேஜ் விட்டு வந்தால் அவளும் தறியில் நிற்பாள்.

முதல் நாளே அவளை எனக்குப் பிடிக்கவில்லை. "வணக்கம் மேடம்" என்றாள் பாருங்கள், ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த காகம் பறந்துவிட்டது. பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "ஏட்டி, நான் இங்கனதான இருக்கேன், புளியங்குடியிலயா இருக்கேன்?" என்று கேட்டேன். சிரித்தாள். சிரிப்பும் அதே சத்தம்தான்.

சத்தத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். போன் பண்ணினால் எடுக்க மாட்டாள். மணி அடித்து ஓய்ந்த பிறகு, 'அக்கா மெசேஜ் போடுங்க' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். உதவி செய்யப் போன இடத்தில் நான்தான் இவளுக்கு மனு எழுதிப் போட வேண்டுமா? போதாக்குறைக்கு, நான் பேசும்போது கண்ணைப் பார்க்க மாட்டாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பல்லில் கீரை ஏதும் ஒட்டியிருக்கிறதோ என்று எனக்கே சந்தேகம் வந்து, அவளைப் பார்க்கப் போவதற்கு முன்னால் கண்ணாடி பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இண்டர்வியூவில் கேட்கிற கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே, "உன்னைப் பத்திச் சொல்லு" என்றேன். பதில் இல்லை. "ஏன் காமர்ஸ் எடுத்தே?" என்றேன். அதற்கும் பதில் இல்லை. திரும்பினால், எழுந்து நிமிர்ந்து நின்றுகொண்டு, நான் திரும்புவதற்காகவே காத்திருந்தவள் போல என் வாயைப் பார்க்கிறாள். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"கேள்வி கேட்டா பதில் சொல்லணும். சும்மா வாய் பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது" என்றேன்.

எங்கள் பக்கம் வாய் பார்க்கிறது என்றால் வேலை வெட்டி இல்லாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறது. சின்ன வயதில் அந்தத் திட்டை வாங்காத ஆள் கிடையாது. அவளோ நிஜமான குழப்பத்தோடு கேட்டாள்: "வாயைப் பாக்காம எப்படிக்கா கேக்குறது?"

திமிர் என்றுதான் முதலில் நினைத்தேன். நாக்கு நுனிவரை ஒரு பதில் வந்துவிட்டது. ஆனால் அவள் முகத்தில் குறும்பு கொஞ்சமும் இல்லை. கணக்கில் தெரியாத ஒரு படியைக் கேட்கிற பிள்ளையின் முகம்தான் இருந்தது. எனக்குள் என்னவோ தட்டியது. மேஜைமேல் இருந்த ஃபைலை எடுத்து, எதையோ படிக்கிற மாதிரி வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "உன் துப்பட்டா தரையில கிடக்கு பாரு" என்றேன். அவள் குனியவில்லை. ஃபைலை இறக்கினேன். இந்தத் தடவை குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, "சாப்பிட்டியா?" என்றேன்.

"சாப்ட்டேன் க்கா. நாலு இட்லி" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடியும் குரல் இல்லாமல், "ஏன் முதல்லயே சொல்லல?" என்று கேட்டேன்.

"என்னத்தைக்கா சொல்லணும்?"

"காது கேக்காதுன்னு."

"கேக்குதே! நீங்க பேசுறதுக்கெல்லாம் பதில் சொல்லுதேன்லா?" என்றாள். அப்புறம் கொஞ்சம் பயந்து, "எல்லாரும் அப்படித்தான கேக்காவ?" என்றாள்.

என் நீளமான வாய்க்கு அன்றைக்குத்தான் விடுமுறை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். வாத்தியார் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டால் பாடம் போச்சு, அதை வீட்டில் புத்தகத்தை வைத்துத் தானே சேர்த்துக்கொள்வாளாம். போர்டு பக்கம் திரும்பிப் பேசுகிற வாத்தியார்கள் சரியாகப் பாடம் நடத்தத் தெரியாதவர்கள் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். அடர்த்தியான மீசை வைத்த ஒரு சார் இருந்தாராம், மீசை மேலுதட்டை மூடியிருக்கும். "அவர் பேப்பர்ல மட்டும்தான் க்கா அரியர்" என்றாள். போனில் எல்லாருக்குமே இரைச்சல்தான் கேட்கும், ஆட்கள் ஒப்புக்குப் பேசுகிறார்கள் என்று நினைத்திருந்தாளாம். கொரோனா முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது எல்லாரும் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்த வருடம் அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. தனக்குப் புத்தி மங்கிவிட்டது என்று நினைத்து அழுதிருக்கிறாள். மாஸ்க்கைக் கழற்றிய பிறகு புத்தி திரும்பி வந்துவிட்டதாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

உதட்டைப் படித்துப் படித்தே பத்தாவது, பன்னிரண்டாவது எல்லாம் தாண்டி, காலேஜில் முதல் வகுப்பு மார்க்கும் வைத்துக்கொண்டு ஒரு பெண் என் முன்னால் நிற்கிறாள். அது ஒரு பெரிய காரியம் என்று அவளுக்கே தெரியாது. நான் அவளுக்கு வழிகாட்டியாம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இது எங்கிருந்து வந்தது என்பது அந்த வாரமே அவள் வீட்டுக்குப் போனபோதுதான் விளங்கியது. தெருவுக்குள் திரும்பும்போதே தறிச் சத்தம் காதில் அறைந்தது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான செட். அதில் வரிசையாகத் தறிகள், இவர்களுடையது இரண்டு மட்டும். அக்கம்பக்கத்துப் பெண்களும் அங்கேதான் கூலிக்கு நெய்கிறார்கள். உள்ளே போனதும் என் மண்டைக்குள்ளேயே யாரோ தறி ஓட்டுகிற மாதிரி இருந்தது. அவள் அம்மாவிடம் நான் யாரென்று கத்திச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பிறகுதான் கவனித்தேன். அந்த செட் முழுக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இந்தக் கோடியில் நின்ற ஒருத்தி உதட்டை அசைத்தாள், அந்தக் கோடியில் நின்றவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். நடுவில் இருந்தவள் ஏதோ குறுக்கே சொன்னாள், உடனே இரண்டு பேரும் அவளை முறைத்தார்கள். நூல் அறுந்தால் கை தானாகப் போய் முடிச்சுப் போட்டது, கண் மட்டும் அடுத்தவள் வாயைவிட்டு நகரவில்லை. யாரும் கத்தவில்லை. கத்தி என்ன ஆகப்போகிறது? அந்த இரைச்சலுக்கு நடுவே ஊர்க்கதை, சண்டை, கேலி எல்லாம் ஒரு சத்தமும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. நான் மட்டும்தான் அங்கே செவிடு. அவள் அம்மா மகளைப் பார்த்து ஏதோ வாயசைத்தார். எல்லாப் பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

வெளியே வந்ததும், "என்னட்டி சொன்னாவ உங்க அம்மா?" என்று கேட்டேன்.

"காபி குடிக்கியளான்னு கேட்டாவ. நீங்க பேசாம நிக்கவும், 'ஆபீஸ்காரம்மாவுக்குக் காது கேக்காதோ'ன்னாவ" என்றாள்.

அவள் தவழ்கிற வயதிலிருந்தே அந்தச் செட்டில் வளர்ந்தவள். தொட்டிலையும் அங்கேதான் கட்டியிருந்தார்களாம். பேச்சு என்பதே அவளுக்கு உதட்டில் நடக்கிற ஒன்று. அதனால் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனதை அவள் உணரவே இல்லை. மனிதர்கள் எல்லாரும் இப்படித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் ஊருக்குள் நடமாடியிருக்கிறாள்.

திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய் காது டாக்டரிடம் காட்டினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விரல் அசைய ரொம்ப நேரமானது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் இரண்டு தடவை அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பி.காம். படிக்குதுன்னா சொன்னீங்க?" என்றார். மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் வாங்கலாம், காதில் வைக்கிற மிஷினும் கிடைக்கும், நான் எழுதித் தருகிறேன் என்றார். இவள் குறுக்கிட்டு, "அது காது கேக்காதவங்களுக்குத்தான சார்?" என்று கேட்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, நிதானமாகச் சொன்னார்: "இனிமே தறி பக்கம் போகாத. போனா மிச்சம் இருக்கிறதும் போயிரும். அப்புறம் மிஷின் வச்சாலும் பிரயோஜனம் இல்ல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சத்தம் இல்லாமல் அந்தப் பயணம் எனக்கு என்னவோ போல் இருந்தது. பரீட்சை முடிந்தால் அவளுக்குத் தறியைத் தவிர வேறு கதியில்லை. அம்மா ஒருத்தியால் அந்த வீட்டை இழுக்க முடியாது. வேலை கிடைத்தால் வெளியே, கிடைக்காவிட்டால் மறுபடியும் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே. எங்கள் ஊர் எல்லை வந்து, பூ மார்க்கெட்டுக்குப் போகிற மல்லிகைக் கூடைகளோடு ஆட்கள் ஏறி, பஸ் முழுக்க வாசம் அடித்தது. அப்போதுதான் அவள் திரும்பி, "இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்காம் க்கா?" என்றாள். போதுமான அளவு இருக்கிறது என்றேன். எவ்வளவு போதும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மிஷின் வருவதற்கு முன்னால் இண்டர்வியூ வந்துவிட்டது. மதுரையில் ஒரு கம்பெனி. கடைகளுடைய பில்லுகளைக் கம்ப்யூட்டரில் சரிபார்க்கிற வேலை. முழுக்கக் கண்ணும் கையும்தான், போனில் பேசுகிற வேலை இல்லை. எழுத்துத் தேர்வில் அவள் தேறிவிட்டாள். அடுத்தது வீடியோவில் நேர்காணல். என் வீட்டு லேப்டாப்பில் செய்யலாம் என்று முடிவு செய்தோம்.

காது விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்றேன் நான். "பொய்யாக்கா?" என்றாள். "பொய் இல்லட்டி. கேட்டாத்தான் சொல்லணும். நீ சேர்ந்து வேலையைக் காட்டு, அப்புறம் சொல்லிக்கலாம்" என்றேன். இப்போதும் அது தப்பான யோசனை என்று நான் நினைக்கவில்லை. ஊருக்குள் எத்தனை பேர் எதையெதை மறைத்துக்கொண்டு எந்தெந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் தலையை ஆட்டினாள். ஆனாலும் அவள் மனசு ஒப்பவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

அன்றைக்குக் காலையில் வெள்ளென வந்துவிட்டாள். புதுச் சுடிதார், தலையில் ஒரு முழம் பிச்சிப்பூ. லேப்டாப்புக்கு எதிரே அவளை உட்காரவைத்து, கேமராவில் படாமல் திரை மட்டும் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் ஒரு ஸ்டூல் போட்டு நான் உட்கார்ந்தேன். திரையில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வந்தார்கள். இரண்டு பேருக்கும் தெளிவான முகம். எனக்குப் பாதி உயிர் வந்தது.

ஆரம்பம் நன்றாகத்தான் போனது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நான் கையால் ஜாடை காட்டிக்கொண்டே இருந்தேன். ஜி.எஸ்.டி. பற்றிக் கேட்டார்கள், சொன்னாள். தப்பு பில்லை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று அந்த அம்மா கேட்டார், அழகாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த ஆளுக்கு டீ வந்தது. டம்ளரை வாயருகே பிடித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். "திரும்பச் சொல்லுங்க சார்" என்றாள். சொன்னார், டம்ளர் அங்கேயேதான் இருந்தது. மறுபடியும் "திரும்பச் சொல்லுங்க சார்" என்றாள். எனக்குக் கேள்வி நன்றாகக் கேட்டது. கம்பெனியில் என்ன சம்பளம் எதிர்பார்க்கிறாய் என்பதுதான். அந்த டம்ளரைத் திரைக்குள் கையை விட்டுப் பிடுங்கி எறிய வேண்டும் போல் இருந்தது. நான் உதட்டை அசைத்துக் கேள்வியைச் சொல்லப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

திரையில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒரு நிமிஷம்மா" என்றார் அந்த அம்மா. மைக்கை அணைத்துவிட்டார்கள். சத்தம் நின்றது. இரண்டு முகங்களும் லேசாகப் பக்கவாட்டில் திரும்பி ஏதோ பேசிக்கொண்டன. டம்ளரும் மேஜைக்குப் போய்விட்டது. அவளைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

சத்தம் திரும்ப வந்தது. "சரிம்மா, நல்லாப் பேசினே. நாங்க யோசிச்சுத் தகவல் சொல்றோம்" என்றார் அந்த ஆள். இன்சூரன்ஸில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவள் நான், அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அவள் இப்போது எழுந்து, தேங்க்யூ சொல்லிவிட்டு, நேரே தறிக்குப் போகப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. "சார், ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். நான் கையால் ஜாடை காட்டவில்லை. அவள் தன் முழுச் சத்தத்தோடு பேசினாள்.

"மேடம், 'பொண்ணு கெட்டிக்காரி'ன்னு சொன்னீங்க. சார், 'காது கேக்காது போலிருக்கு, பாவம், இங்க வந்து எப்படிச் சமாளிக்கும்'னு சொன்னீங்க. நெசந்தான் சார். எனக்குக் காது பாதிதான் கேக்கும். எங்க வீட்ல தறி ஓடுது, அதுல போயிருச்சு. முதல்லயே சொல்லாதது தப்புதான். ஆனா நான் சமாளிப்பேன் சார். நீங்க சத்தத்தை அணைச்சுட்டுப் பேசுனதே எனக்குக் கேட்டுச்சே."

திரையில் இருந்த இரண்டு பேரும் அப்படியே உறைந்துவிட்டார்கள். நெட் நின்றுவிட்டதோ என்று நான் பார்த்தேன். நெட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆபீஸில் மேனேஜரிடமே ஒரு நாளும் தணிந்து பேசாதவள் நான், அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து வந்திருப்பேன். இந்தச் சின்னப்பெண்ணுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது?

அந்த அம்மாதான் முதலில் அசைந்தார். கையை நீட்டி மைக்கை அணைத்தார். இந்தத் தடவை பக்கத்து ஆள் பக்கம் திரும்பவில்லை. கேமராவுக்கு நெருக்கமாக வந்து, நேராக இவளைப் பார்த்து, குரலே இல்லாமல் நிறுத்தி நிதானமாகப் பேசினார். நான் ஸ்டூலிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தேன். உதடு அசைவது தெரிந்ததே தவிர, தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த ஆளும் அந்த அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சிரித்துவிட்டார். இவள் வேகவேகமாகத் தலையை ஆட்டினாள். "சரி மேடம்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். திரை அணைந்தது.

அவள் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தோளைப் பிடித்து உலுக்கி, அவள் என்னைப் பார்க்கிற வரைக்கும் காத்திருந்து கேட்டேன்:

"ஏட்டி, என்னதான் சொன்னாவ? எனக்கு ஒண்ணுமே கேக்கலையே!"

"'உனக்கு இது கேட்டுச்சுன்னா ஒண்ணாந்தேதி வந்து சேந்துரு'ன்னாவ க்கா" என்றாள்.